பசியைக் குறைக்கும் ஊசி மாரடைப்பைத் தடுக்குமா?

“அந்த ஊசியைப் போட்டால் வெயிட்டும் குறையும், அட்டாக்கும் வராதாம்” என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சும்மா விடமாட்டார். “அட போங்க சார், பசியை அமுக்குகிற மருந்து எல்லாமே கடைசியில் ஹார்ட்டில்தான் கை வைக்கும்” என்பார். 2025 ஜூனில் வெகோவி என்ற எடை குறைப்பு ஊசி இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு இந்த வாக்குவாதம் இன்னும் சூடாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே ஆதாரமில்லாமல் பேசவில்லை. முதலாமவருக்குப் பின்னால் 2023இல் வெளியான ‘செலக்ட்’ ஆய்வு இருக்கிறது. இரண்டாமவருக்குப் பின்னால் 2010இல் வெளியான ‘ஸ்கவுட்’ ஆய்வு இருக்கிறது. இரண்டுமே பெரிய ஆய்வுகள், இரண்டும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற ஒரே மருத்துவ இதழில் வந்தவை. ஒன்று இதயத்துக்கு நன்மை என்றது, மற்றது கெடுதல் என்றது. இரண்டிலும் சோதித்தது வெவ்வேறு மருந்து, அவ்வளவுதான். செலக்டில் வெகோவி ஊசி, ஸ்கவுட்டில் ஒரு பழைய மாத்திரை. பசியைக் குறைக்கும் என்பதைத் தவிர அந்த இரண்டுக்கும் பொதுவாகப் பெரிதாக ஒன்றும் கிடையாது.

இந்த ஆய்வுகளில் என்ன நடந்தது, ஊசியால் ஆபத்து குறைவதாகச் செய்திகளில் வந்த அந்தப் புகழ்பெற்ற ‘20 சதவீதம்’ எதைக் குறிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

மாரடைப்பு எப்படி வருகிறது

உடம்பு முழுக்க ரத்தத்தை அனுப்புகிற இதயத்தின் தசைக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய்கள்தான் இதயத் தமனிகள். ஆஞ்சியோ எடுக்கும்போது திரையில் வேர் மாதிரி கிளை பிரிந்து தெரிபவை இவைதான். பல வருடங்களாக இவற்றின் சுவரில் கொழுப்பு சேர்ந்து தடிப்பது இதயத் தமனி நோய். அந்தத் தடிப்பைப் படிவு என்று சொல்வோம். வீட்டுப் பேச்சில் ‘பிளாக்’.

படிவு மெல்ல மெல்ல வளர்ந்து ஒருநாள் குழாயை முழுசாக மூடிவிடுகிறது, அதுதான் அட்டாக் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. படிவு குழாயின் சுவருக்குள்ளே இருக்கிறது, அதன்மேல் மெல்லிய மூடி ஒன்று உண்டு. கொழுப்பை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் உள்ளேயே செத்துக் கிடந்து ஓயாத அழற்சியைக் கிளப்புகின்றன. அழற்சி என்பது அடிபட்ட இடத்தைச் சிவந்து வீங்க வைக்கும் உடம்பின் எதிர்வினை. இங்கே அது வெளியில் தெரியாமல் வருடக்கணக்கில் நடக்கிறது. அது மூடியை அரித்து மெலிதாக்கும். மூடி கிழிந்தால் உள்ளே இருப்பது ரத்தத்தில் படும், அந்த இடத்தில் ரத்தம் உறையும், சில நிமிடங்களில் தமனி அடைபட்டுவிடும். அதற்கு அப்பால் உள்ள தசை சாகத் தொடங்கும். போன மாதம் டிரெட்மில் டெஸ்ட்டில் தேறியவருக்கு இந்த மாதம் அட்டாக் வருவது இப்படித்தான்.

படிவை வளர்ப்பவை கெட்ட கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் சும்மா இருப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும். அப்படியானால் எடை குறைந்தால் மாரடைப்பும் குறையும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் நியாயமாகத் தோன்றுவதை நம்பிப் போய் மருத்துவம் ஒருமுறை நன்றாகவே சறுக்கியிருக்கிறது.

எடை குறைந்தது, மாரடைப்பு கூடியது

சிபுட்ரமின் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா 1997இல் அனுமதி கொடுத்தது. அங்கே மெரிடியா என்றும் ஐரோப்பாவில் ரிடக்டில் என்றும் விற்றார்கள். இது நேரே மூளையில் வேலை செய்யும். நரம்பணுக்கள் தங்களுக்குள் சேதி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருள்களை மூளை சீக்கிரம் திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுக்கும். அதனால் சாப்பிட்ட நிறைவு கூடுதல் நேரம் நிற்கும்.

சிக்கல் நார்அட்ரினலினில். பயந்தால் நெஞ்சு படபடப்பதற்கும் பிபி எகிறுவதற்கும் காரணமான பொருள் அது. ஆக, மாத்திரை ஒரு பக்கம் எடையைக் குறைத்தது, மறுபக்கம் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றியது. கூட்டிக் கழித்தால் இதயத்துக்கு லாபமா நஷ்டமா? எடை எந்திரத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருந்து, எத்தனை பேருக்கு மாரடைப்பு வந்தது என்று எண்ணித்தான் ஆகவேண்டும்.

ஸ்கவுட் அதைத்தான் செய்தது. 55 வயது தாண்டியவர்கள், இதயநோயோ சர்க்கரையோ இரண்டுமோ உள்ளவர்கள், சுமார் 9,800 பேர். பாதிப் பேருக்குச் சிபுட்ரமின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. வெற்று மருந்து என்றால் பார்க்க அசல் போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. சராசரியாக 3.4 வருடம் கவனித்தார்கள். சிபுட்ரமின் குழுவின் எடை ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகவே குறைந்திருந்தது. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் வெற்று மாத்திரைக் குழுவில் 10.0 சதவீதம் பேருக்கு வந்தன, சிபுட்ரமின் குழுவில் 11.4 சதவீதம் பேருக்கு.

இறப்பில் வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயநோய் உள்ளவர்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்று ஏற்கெனவே விதி இருந்தது என்றும், அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துச் செய்த ஆய்வை வைத்து மருந்தைத் தூக்குவது சரியா என்றும் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் கிடைக்கும் எடைக்குறைவு அற்பம், ஆபத்து நிஜம் என்ற கணக்கில் மருந்து தோற்றது. ஐரோப்பாவில் 2010 ஜனவரியில் நிறுத்தினார்கள், அமெரிக்காவில் அந்த அக்டோபரில் திரும்பப் பெற்றார்கள், இந்தியா 2011 பிப்ரவரியில் தடை செய்தது.

ஆக, எடை குறைவதும் இதயம் தப்பிப்பதும் தனித்தனி விஷயங்கள். பசி எந்த வழியாகக் குறைகிறது என்பது முக்கியம். இதய விஷயத்தில் கடைசித் தீர்ப்பு மாரடைப்புகளை எண்ணினால்தான் கிடைக்கும்.

புது மருந்து போகும் பாதை

சாப்பாடு குடலுக்குள் இறங்கியதும் குடலின் சில செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். (ஹார்மோன் என்பது உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, ரத்தத்தில் பயணம் செய்து, இன்னோரிடத்தில் வேலை வாங்கும் பொருள்.) அது கணையத்திடம் இன்சுலினைக் கூட்டச் சொல்லும், வயிறு காலியாவதை மெதுவாக்கும், மூளைக்குப் ‘போதும்’ என்று தகவல் கொடுக்கும். நம் உடம்பே சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்துக்குள் பாதியாகிவிடும். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதை உடனுக்குடன் வெட்டிப் போட்டுவிடுகிறது.

செமாக்ளூடைட் என்பது அந்த ஹார்மோனின் சாயலில் செய்த மருந்து. நொதியால் எளிதில் வெட்ட முடியாதபடி அமைப்பை மாற்றி, ரத்தத்தில் உள்ள ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். பாதியாகவே ஒரு வாரம் ஆகும். அதனால் வாரம் ஒரு ஊசி போதும். சர்க்கரை நோய்க்கு ஓசெம்பிக் என்ற பெயரிலும், எடைக்குக் கூடுதல் அளவில் வெகோவி என்ற பெயரிலும் டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் விற்கிறது. இதுவும் நாடித்துடிப்பைக் கொஞ்சம் ஏற்றத்தான் செய்கிறது. ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றாமல் இறக்குகிறது.

செலக்ட்: யாரைச் சோதித்தார்கள்

பரவலாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். செலக்ட் ஆய்வில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் தொப்பை போட்ட ஆரோக்கியமான ஆட்கள் இல்லை. 45 வயதும் அதற்கு மேலும். பிஎம்ஐ குறைந்தது 27. (பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண்.) ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் தமனி அடைப்போ வந்திருக்க வேண்டும். நான்கில் மூன்று பேருக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பாவது வந்திருந்தது. சர்க்கரை நோய் இருந்தால் சேர்க்கவில்லை.

41 நாடுகளில் 17,604 பேர். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றூசி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, கவனிக்கும் டாக்டருக்கும் தெரியாது. இந்தக் குலுக்கல்தான் ஆய்வின் உயிர். பணமும் அக்கறையும் உள்ளவர்கள் தாங்களாகவே ஊசி போட்டுக்கொண்டு, அவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தால், அது ஊசியாலா அக்கறையாலா என்று பிரிக்க முடியாது. குலுக்கிவிட்டால் அக்கறையுள்ளவர்கள் இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்துவிடுவார்கள்.

சராசரியாக 40 மாதம் கவனித்தார்கள். மூன்று விஷயங்களைச் சேர்த்து எண்ணினார்கள்: இதயமோ ரத்தக்குழாயோ காரணமான மரணம், உயிர் தப்பிய மாரடைப்பு, உயிர் தப்பிய பக்கவாதம். வெற்றூசிக் குழுவில் 8,801 பேரில் 701 பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று நேர்ந்தது. மருந்துக் குழுவில் 8,803 பேரில் 569 பேருக்கு. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கைச் சேர்ந்த மைக்கேல் லிங்காஃப் தலைமையிலான குழு 2023 நவம்பரில் இதை வெளியிட்டது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது நோவோ நோர்டிஸ்க்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக முடிவைத் தள்ளிவிடத் தேவையில்லை, இந்த மாதிரிப் பெரிய ஆய்வுகளுக்கு வேறு யாரும் பணம் போடுவது அபூர்வம்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 மார்ச்சில், அதிக எடையோடு இதயநோயும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க வெகோவியைக் கொடுக்கலாம் என்று அனுமதி தந்தது. எடை குறைப்பு மருந்து ஒன்றுக்கு இப்படி அனுமதி கிடைத்தது அதுவே முதல் தடவை.

எதில் 20 சதவீதம்?

செய்தித் தலைப்புகளில் வந்தது ‘20 சதவீதம் குறைகிறது’ என்பதுதான். ஆடி மாதம் துணிக்கடை வாசலில் தொங்கும் போர்டிலும் இப்படித்தான் ‘20 சதவீதம் தள்ளுபடி’ என்று இருக்கும். 150 ரூபாய்த் துண்டுக்கும் அதே 20, 15,000 ரூபாய்ப் பட்டுப்புடவைக்கும் அதே 20. துண்டு வாங்கினால் மிச்சம் 30 ரூபாய், புடவை வாங்கினால் 3,000 ரூபாய். எதன் விலையில் தள்ளுபடி என்று தெரியாமல் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது.

ஆபத்துக்கும் இதே கணக்குதான். போர்டில் எழுதியிருப்பது ஒப்பீட்டுக் குறைவு. பையில் மிஞ்சுவது நேரடிக் குறைவு. செலக்ட் கணக்கை ஆயிரம் பேருக்கு மாற்றிப் பார்ப்போம். வெற்றூசி போட்ட ஆயிரம் பேரில் சுமார் 80 பேருக்குப் பாதிப்பு. மருந்து போட்ட ஆயிரம் பேரில் சுமார் 65 பேருக்கு. 80க்கு 65 என்பது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதுதான் அந்த 20 சதவீதம். நேரடியாகப் பார்த்தால் ஆயிரத்துக்குப் 15 பேர், அதாவது நூற்றுக்கு ஒன்றரை. இதையே திருப்பிச் சொன்னால், மூன்று வருடத்துக்கும் மேலாக சுமார் 67 பேர் வாராவாரம் ஊசி போட்டுக்கொண்டால் ஒருவர் தப்புகிறார். மற்ற 66 பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஊசி போடாவிட்டாலும் அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகியிருக்காது. சிலருக்கு ஊசி போட்டும் வந்தே தீரும்.

‘அட, இவ்வளவுதானா’ என்று உதறிவிடவும் வேண்டாம். ஏற்கெனவே எல்லா மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மேற்கொண்டு கிடைத்த பலன் இது. இதய மருத்துவத்தில் நல்ல பலன் என்றுதான் இதைச் சொல்வார்கள். ஆனால் இதய நோயே இல்லாத, 35 வயதுக்காரர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக, மூன்று வருடத்தில் அவர்களில் 5 பேருக்கு மாரடைப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதே 20 சதவீதம் அங்கேயும் கிடைத்தால் 5 என்பது 4 ஆகும். ஒருவருக்காக ஆயிரம் பேர் ஊசி போட வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த 20 சதவீதம் கிடைக்குமா என்பதை செலக்ட் சோதிக்கவும் இல்லை.

இன்னொரு நுணுக்கம். 20 என்பது ஒரே ஒரு உறுதியான எண் கிடையாது. தற்செயலுக்கு இடம் கொடுத்துப் பார்த்தால் உண்மையான குறைவு 10 முதல் 28 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கலாம் என்பதுதான் ஆய்வின் முடிவு. உயிர் தப்பிய மாரடைப்புகளை மட்டும் தனியாக எண்ணினால் வெற்றூசிக் குழுவின் 322க்கு மருந்துக் குழுவில் 234. இதயக் காரண மரணங்கள் 262க்கு 223. குறைவாகத்தான் தெரிகிறது, ஆனால் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. “இந்த ஊசி உயிரைக் காப்பாற்றும் என்று நிரூபணம் ஆகிவிட்டது” என்று யாராவது சொன்னால், இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக: இதயநோய் உள்ள, அதிக எடையுள்ள, சர்க்கரை இல்லாத ஆயிரம் பேரில் மூன்று வருடம் சொச்சத்தில் 15 பேர் பெரிய பாதிப்பிலிருந்து தப்பினார்கள்.

எடை குறைந்ததுதான் காரணமா?

இரண்டு வருட முடிவில் மருந்துக் குழுவின் எடை சராசரியாக 9.4 சதவீதம் குறைந்திருந்தது, வெற்றூசிக் குழுவில் 0.9. ஆகவே எடை குறைந்ததால் மாரடைப்பு குறைந்தது என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இரண்டு விஷயங்கள் உதைக்கின்றன.

ஒன்று, நேரம். எடை முழுசாகக் குறைய ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. மாரடைப்பு எண்ணிக்கையில் வித்தியாசமோ முதல் சில மாதங்களிலேயே தெரியத் தொடங்கியது. எடை முழுசாகக் குறையும் முன்பே பலன் வந்தால், வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு, 2025இல் லான்செட் இதழில் ஜான் டீன்ஃபீல்ட் குழு வெளியிட்ட மறு அலசல். தொடக்கத்தில் அதிக எடை குறைந்தவர்களுக்கும் அவ்வளவாகக் குறையாதவர்களுக்கும் இதயப் பலன் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. எடையைவிட இடுப்புச் சுற்றளவு குறைந்ததற்குத்தான் பலனோடு தொடர்பு தெரிந்தது, அதுவும் பலனில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் விளக்கியது.

மீதிக்கு என்ன காரணம்? ரத்த அழுத்தம் சராசரியாக 3 புள்ளிக்கு மேல் இறங்கியது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற அளவு கணிசமாகக் குறைந்தது. படிவின் மூடியை அரிப்பது அழற்சி என்று மேலே பார்த்தோமே, அதை மருந்து தணிக்கிறது, அதனால் மூடி கிழிவது குறைகிறது என்ற ஊகம் வலுவாக இருக்கிறது. இன்னும் ஊகம்தான். ‘கொழுப்பைக் கரைத்து பிளாக்கை எடுத்துவிடும்’ என்று விளம்பரங்களில் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இருக்கிற படிவைக் கரைத்ததாக இந்த ஆய்வு எங்கேயும் சொல்லவில்லை.

நமக்கு எவ்வளவு பொருந்தும்

ஆய்வில் 84 சதவீதம் பேர் வெள்ளை இனத்தவர், ஆசியர்கள் 8 சதவீதம். நால்வரில் ஒருவருக்குச் சற்று அதிகமானவர்கள்தான் பெண்கள். சராசரி பிஎம்ஐ 33. தெற்காசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் மாரடைப்பும் வருவதால், இந்திய மருத்துவர்கள் பிஎம்ஐ 25ஐயே உடல் பருமனின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். 25க்கும் 27க்கும் இடையில் இருக்கும் நம் ஆட்களிடம் செலக்ட் எதையும் சோதிக்கவில்லை.

பக்க விளைவுகளைப் பொறுத்தவரை, மருந்துக் குழுவில் 16.6 சதவீதம் பேர் உடல் உபாதையால் நிரந்தரமாக நிறுத்திவிட்டார்கள், வெற்றூசிக் குழுவில் 8.2. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் ஆகியவைதான் பெரும்பாலான புகார்கள். 0.25 மில்லிகிராமில் தொடங்கி 2.4 வரை மாதக்கணக்கில் படிப்படியாக ஏற்றுவது இதனால்தான். நிறுத்தினால் பசி திரும்பி வரும். இன்னொரு ஆய்வில் ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. அப்படியானால் பல வருடத்துக்குச் செலவு செய்ய முடியுமா என்று முதலிலேயே யோசிக்க வேண்டும். செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் இருந்தது என்பதால்தான் விலையைப் பற்றி இவ்வளவு பேச்சு.

சிபுட்ரமின் கதையும் 2011உடன் முடியவில்லை. ‘முழுக்க மூலிகை’ என்று ஆன்லைனில் விற்கும் மெலிவு காப்ஸ்யூல்களைச் சோதித்து, அவற்றில் சிபுட்ரமின் கலந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஊசிக்கு பயந்து மூலிகைக்குப் போகிறவர், இதயத்துக்கு ஆகாது என்று தடை செய்த மருந்தையே தெரியாமல் விழுங்க வாய்ப்பிருக்கிறது.

கடைசியாக, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர்கள் வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி: “இந்த ஊசி போட ஆரம்பித்தால் மற்ற மாத்திரைகளை விட்டுவிடலாமா?” செலக்ட் ஆய்வில் இருந்தவர்களில் 90 சதவீதம் பேர் கொலஸ்ட்ரால் மருந்தும், 86 சதவீதம் பேர் ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊசியின் பலன் இவற்றுக்கு மேலே கிடைத்த பலன். இவற்றை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வு சோதிக்கவே இல்லை.